உதிர்வது இலையா, மழையா? – நம் ஊர்ப் பருவத்துக்கேற்ற அச்சு விளையாட்டுகள்

புரட்டாசி மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர்ப் பகுதியில் உள்ள எங்கள் தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, இணையத்திலிருந்து ஒரு விளையாட்டுத் தாளைப் பதிவிறக்கி 30 நகல்கள் எடுத்து வைத்திருந்தேன். தலைப்பு ‘இலையுதிர்கால விளையாட்டுகள்’. வழி கண்டுபிடித்தல், நிழலோடு பொருத்துதல், எண்ணி எழுதுதல் என்று அழகான தாள். ஆங்கிலச் சொற்களை அழித்துவிட்டுத் தமிழில் எழுதியதும் நானே. பிள்ளைகள் மகிழ்ச்சியாகச் செய்வார்கள் என்று நம்பினேன்.

மகிழ்ச்சியாகத்தான் செய்தார்கள். ஆனால், நான் நினைத்தபடி அல்ல. மேப்பிள் இலையைப் பார்த்ததும், “மிஸ், பப்பாளி எலை!” என்றான் ஒரு மாணவன். எல்லோரும் அதற்குப் பச்சை வண்ணம் தீட்டினார்கள். கண், மூக்கு, பல் வெட்டிய பூசணிக்காயைப் பார்த்ததும், “திருஷ்டிப் பூசணி!” என்று வகுப்பே சிரித்தது. ஆயுதபூசை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால், அதைத் தெருவில் உடைக்கலாமா கூடாதா என்று ஒரு விவாதமும் நடந்தது.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி: ‘இலைகள் எப்போது உதிரும்?’ அக்டோபர், பிப்ரவரி, ஜூன் என மூன்று விடைகள். ஒரு மாணவி பிப்ரவரியை வட்டமிட்டிருந்தாள். விடைக்குறிப்பில் அக்டோபர் என்றிருந்தது. தவறு என்று குறித்தேன். அவள் தாளோடு என் மேசைக்கு வந்தாள். “மிஸ், எங்க ஆயா பொங்கல் முடிஞ்ச அப்புறம்தான் தெனமும் வேப்ப எலை பெருக்குவாங்க” என்றாள். “விடை அக்டோபர்தான் கண்ணு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை.

மாசி மாதம் வந்தது. பள்ளி முற்றத்து வேப்பமரம் மஞ்சள் இலைகளைக் கொட்டத் தொடங்கியது. காலையில் பெருக்கினால் மதியம் மீண்டும் நிறைந்துவிடும். வழிபாட்டுக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த அந்த மாணவி தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கோப்பிலிருந்து அவளுடைய தாளைத் தேடி எடுத்தேன். தவறு என்ற குறியை அடித்துவிட்டு, சரி என்று போட்டு, மறுநாள் அவள் கையில் கொடுத்தேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தாளிலிருந்து பிறந்தது. அச்சு விளையாட்டுகள் நல்லவை, எளியவை, தொடக்க வகுப்புகளுக்கு மிகவும் ஏற்றவை. ஆனால் பருவம் பற்றிய விளையாட்டுத் தாளுக்கு ஒரு விதி வேண்டும். தாளில் இருப்பதைப் பிள்ளை தன் தெருவில் சரிபார்க்க முடிய வேண்டும். இல்லாவிட்டால், தான் கண்ணால் கண்டதைவிட அச்சில் இருப்பதே உண்மை என்ற பாடத்தை ஏழு வயதிலேயே கற்பித்துவிடுகிறோம்.

நம்முடைய ‘இலையுதிர்காலம்’ எப்போது?

தமிழில் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலை உதிர்வதை வைத்துப் பெயர் பெற்ற பருவம் ஒன்றுகூட இல்லை. மேலைநாட்டு இலையுதிர்காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. அதே மாதங்களில் நமக்குக் கார் முடிந்து கூதிர் வருகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். அதாவது குளிர்காற்றும் மழையும்.

சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக ஏறத்தாழ 1400 மி.மீ. அதில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. எனவே, உலகின் வடபகுதியில் இலை உதிரும் நாள்களில் நம் ஊரில் உதிர்வது மழை.

குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்தில் பகல் விரைவாகக் குறைகிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. 13 பாகை வட அட்சரேகையில் உள்ள சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே ஒளி குறைந்து குளிர் கூடும்போது மரம் இலையை விடுகிறது. இங்கே மண்ணில் ஈரம் குறையும்போது, நீரை மிச்சப்படுத்த மரம் இலையை விடுகிறது. ஆகவே நம் இலையுதிர்வு, மழை முடிந்து வெயில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில் நிகழ்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு. வேம்பு, அரசு, புங்கை ஆகியவை இலையைக் கொட்டிய சில நாள்களிலேயே துளிர்க்கத் தொடங்கிவிடுகின்றன. மேலைநாட்டுப் பிள்ளை ஆறு மாத இடைவெளியில் காண்பதை நம் பிள்ளை ஒரே மாதத்தில் கண்டுவிடுகிறது. இதைவிட நல்ல பாடப்பொருள் வேறென்ன வேண்டும்?

அட்டை நமக்குப் புதிதல்ல

பிள்ளையே எடுத்து, பிள்ளையே விளையாடிக் கற்கும் அட்டைகள் நம் பள்ளிகளுக்குப் புதியவை அல்ல. 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தை ஒட்டி உருவான அந்த முறை பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படி, சின்னம் பொறித்த அட்டைகள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகை, படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் ஆகியவை மூத்த ஆசிரியர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பெருந்தொற்றுக் கால இடைவெளிக்குப் பின் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் பிள்ளைகளை அவரவர் இடத்திலிருந்து அழைத்துச் செல்கிறது. கீழே உள்ள விளையாட்டுகளையும் அந்த மூன்று நிலைகளுக்கும் பிரித்தே அமைத்துள்ளேன்.

இன்னும் பின்னோக்கிப் போனால், வைகுண்ட ஏகாதசி இரவில் வீடுகளில் விரித்து ஆடும் பரமபதத் தாளும் ஓர் அச்சு விளையாட்டுதான். எனவே, நாம் செய்ய வேண்டியது புதிய விளையாட்டைக் கண்டுபிடிப்பதன்று; தெரிந்த விளையாட்டில் நம் தெருவை வைப்பதே.

முதலில் நடை, பிறகு தாள்

அடுத்த ஆண்டு தாளை முதலில் செய்யவில்லை. ஒரு பாடவேளை பள்ளியைச் சுற்றியும், மற்றொரு நாள் தலைமையாசிரியரின் அனுமதியோடும் இரண்டு பெற்றோரின் துணையோடும் லஸ் அருகே உள்ள நாகேசுவர ராவ் பூங்காவுக்கும் சென்றோம். தியாகராய நகர்ப் பள்ளிகளுக்குப் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் அருகில் உள்ளன. பூங்கா இல்லாவிட்டாலும் குறையில்லை. ஒரு தெருவும் நான்கு மரங்களும் போதும்.

நடையின்போது பிள்ளைகளிடம் ஒரே கேள்வி: “கீழே என்ன விழுந்திருக்கிறது?” ஐப்பசியில் எங்களுக்குக் கிடைத்தவை: ஆரஞ்சுக் காம்புள்ள பவழமல்லிப் பூ, நீண்ட வெள்ளை மரமல்லிப் பூ, பூவரசின் மஞ்சள் இலை, காக்கை இறகு, மரவட்டை, ஈசலின் உதிர்ந்த சிறகு, நத்தை ஓடு. இலையுதிர்காலத்தில் நம் ஊரில் பூ உதிர்கிறது என்பதை எனக்குச் சொன்னவர்கள் பிள்ளைகளே.

ஆண்டு முழுவதுக்குமான ஒரு சிறு குறிப்பை ஆசிரியர்கள் வைத்துக்கொள்ளலாம்:

• புரட்டாசி முதல் கார்த்திகை வரை: பவழமல்லி, மரமல்லிப் பூக்கள் உதிர்தல், ஈசல், மரவட்டை, தவளை.
• மார்கழி, தை: நாட்டு வாதுமையின் பெரிய இலைகள் சிவந்து உதிர்தல், பள்ளிக்கரணை சதுப்புநிலத்திலும் அடையாற்று முகத்துவாரத்திலும் வலசைப் பறவைகள்.
• மாசி, பங்குனி: வேம்பு, அரசு, புங்கை இலையுதிர்வும் துளிர்ப்பும்.
• சித்திரை: வேப்பம்பூ, சரக்கொன்றை.
• எப்போதும் பச்சை: மா, புன்னை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிய பெயர்.

மழையும் வெயிலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது இந்த மாதங்களும் சற்று முன்பின் ஆகும். அப்படியானால் குறிப்பைத் திருத்துங்கள்; பிள்ளையைத் திருத்தாதீர்கள்.

பாதுகாப்புக் குறிப்பு: விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும், பறிக்கக் கூடாது. அரளி நச்சுச்செடி, அதன் இலை, பூ எதையும் தொடவிட வேண்டாம். கம்பளிப்பூச்சியைக் கண்டால் விலகிச் செல்லப் பழக்குங்கள். திரும்பியதும் சோப்பால் கை கழுவுதல் கட்டாயம்.

விளையாட்டு 1: இலை இணை

தேவையானவை: ஆறு வகை இலைகள், ஏ4 தாள், பழைய காலண்டர் அட்டை அல்லது திருமண அழைப்பிதழ், பசை.

செய்முறை: மா, வேம்பு, அரசு, பூவரசு, புங்கை, வாதுமை ஆகியவற்றின் இலைகளைத் துடைத்து உலர்த்தி, நகலெடுக்கும் இயந்திரத்தின் கண்ணாடி மேல் ஒரு வெள்ளைத் தாளுக்கு அடியில் பரப்பி நகல் எடுங்கள். நரம்புகள்கூடத் தெளிவாக விழும். வாதுமை பெரிய இலை என்பதால் அதை மட்டும் சுருக்கி நகலெடுக்கலாம். படம் வரையத் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். இரண்டு நகல்களை வெட்டி அட்டையில் ஒட்டினால் 12 அட்டைகள் தயார்.

விளையாடும் முறை: இருவர் அல்லது நால்வர் சேர்ந்து விளையாடலாம். அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஒருவர் இரண்டு அட்டைகளைத் திருப்பலாம். இணை அமைந்தால் மரத்தின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொண்டு மீண்டும் ஆடலாம். இல்லையேல் அதே இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும்.

நிலைகள்: அரும்பு நிலையில் படத்துக்குப் படம். மொட்டு நிலையில் படத்துக்குப் பெயர். மலர் நிலையில் படத்துக்குக் குறிப்பு. எடுத்துக்காட்டாக, ‘நுனி வால்போல் நீளும், காற்றில் சலசலக்கும்’ என்றால் அரசு. குறிப்புகளைப் பிள்ளைகளே எழுதட்டும். எங்கள் வகுப்பில் வேம்புக்கு ‘ஓரத்தில் ரம்பம் இருக்கும்’ என்று ஒருவன் எழுதினான். நான் எழுதியிருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் இருந்தால், தாளுக்குப் பதிலாக உலர்ந்த இலையையே அட்டையில் ஒட்டுங்கள். விரலால் தடவிப் பார்த்து அவர்களும் இணை சேர்க்கலாம். மற்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை ஆடிப் பார்க்கட்டும்.

விளையாட்டு 2: மரத்தடிக் கட்டம்

தேவையானவை: ஒன்பது வெற்றுக் கட்டங்கள் உள்ள தாள், ஆளுக்கு ஒன்பது புளியங்கொட்டைகள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆளுக்கொரு வகைத் தாள் அச்சிட வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே வெற்றுக் கட்டம் போதும். நடையில் கண்ட 12 பொருள்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றுள் ஒன்பதைத் தேர்ந்து, விரும்பிய கட்டத்தில் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் வரையலாம். ஒவ்வொரு தாளும் தானாகவே வெவ்வேறாக அமைந்துவிடும்.

ஆசிரியர் பெயரைச் சொல்லக் கூடாது. குறிப்பு மட்டும் சொல்ல வேண்டும். ‘இரவில் பூக்கும், விடியும்போது தரையில் கிடக்கும், காம்பு ஆரஞ்சு நிறம்.’ கண்டுபிடித்தவர்கள் பவழமல்லிக் கட்டத்தில் கொட்டையை வைப்பார்கள். ஒரு வரிசையில் மூன்று நிறைந்ததும் ‘மழை!’ என்று கத்தலாம். வென்றவர் அந்த மூன்று பொருள்களையும் எங்கே பார்த்தார் என்று சொன்னால்தான் வெற்றி செல்லும். இந்தக் கடைசி விதியை விட்டுவிடாதீர்கள். இதுதான் தாளைத் தெருவோடு கட்டும் கயிறு.

விளையாட்டு 3: மழைப் பரமபதம்

தேவையானவை: 1 முதல் 50 வரை எண்ணிட்ட கட்டத்தாள், பகடை. பகடை இல்லாவிட்டால், ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டி, வெள்ளை விழுந்தவற்றை எண்ணிக்கொள்ளலாம். ஒன்றும் வெள்ளையாக விழாவிட்டால் ஆட்டம் அடுத்தவருக்கு.

ஏணியிலும் பாம்பிலும் மழைக்காலச் செய்திகளை எழுதுகிறோம். ‘காய்ச்சிய நீரைக் குடித்தேன்’ – 4இலிருந்து 14க்கு ஏறு. ‘தொட்டியில் தேங்கிய நீரைக் கொட்டினேன்’ – 9இலிருந்து 21க்கு ஏறு. ‘தெருவில் தேங்கிய நீரில் குதித்தேன்’ – 27இலிருந்து 12க்கு இறங்கு. ‘நனைந்த மின்கம்பத்தைத் தொட்டேன்’ – 48இலிருந்து 3க்கு இறங்கு.

அரும்பு நிலைப் பிள்ளைகள் ஒவ்வொரு கட்டமாக எண்ணி நகர்வார்கள். மொட்டு நிலையினர் நகரும் முன்பே எந்த எண்ணில் நிற்போம் என்று கூட்டிச் சொல்ல வேண்டும். மலர் நிலையினர், ஏணியில் எத்தனை கட்டம் ஏறினோம், பாம்பில் எத்தனை கட்டம் இறங்கினோம் என்று கழித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஏணிகளையும் இரண்டு பாம்புகளையும் காலியாக விட்டு, “நீங்களே எழுதுங்கள்” என்றேன். குடை, மழைச்சட்டை, வெங்காய பஜ்ஜி என்றெல்லாம் வரும் என்று எதிர்பார்த்தேன்; வந்தன. ஆற்றோரத்திலிருந்து வரும் ஒரு மாணவி இப்படி எழுதினாள்: ‘ஆத்துல தண்ணி ஏறுதுன்னு சொன்னாங்க. புக்கு பையை பரண் மேல வெச்சேன்.’ அதை 36இலிருந்து 49க்கு ஏறும் ஏணியாக்கினாள். தாளிலேயே நீளமான ஏணி அதுதான்.

2015 டிசம்பர் முதல் நாள்களில் அடையாற்றில் வந்த வெள்ளத்தை இன்றைய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கிய நீரைப் பலரும் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மழைக்காலம் என்பது குடையும் காகிதக் கப்பலும் மட்டுமல்ல. பதிவிறக்கிய தாளில் சிரித்த முகத்தோடு குட்டையில் குதிக்கும் குழந்தை இருக்கும்; பையைப் பரணில் வைக்கும் குழந்தை இருக்காது. அதற்கும் ஒரு கட்டத்தை நாம் ஒதுக்கித் தர வேண்டும். அந்த மாணவியிடம் நான் எதையும் துருவிக் கேட்கவில்லை. “நல்ல யோசனை, எல்லாரும் இதைச் செய்யலாம்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் மூன்று பேர், பிறப்புச் சான்றிதழையும் குடும்ப அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னதாக வந்து கூறினார்கள்.

ஒரு வேண்டுகோள்: வெள்ளத்தில் இழப்பைச் சந்தித்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், வெள்ளம் தொடர்பான செய்தியைப் பாம்பாக வைக்காதீர்கள். அவர்களுக்கு நேர்ந்தது அவர்கள் ஆட்டத்தில் செய்த பிழை அல்ல. தயாராக இருப்பதை ஏணியாக வையுங்கள்; அது போதும்.

விளையாட்டு 4: நாளை எத்தனை துளி?

தேவையானவை: மாதத்தின் நாள்களுக்கு ஏற்ப 30 அல்லது 31 கட்டங்கள் உள்ள தாள், நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் புட்டி, அளவுகோல்.

புட்டியின் மேற்பகுதியை ஆசிரியரே வெட்டி, தலைகீழாகப் புனல்போல் பொருத்த வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்குமாதலால், கூழாங்கற்கள் போட்டு, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மி.மீ. அளவுகோலை ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில், சாயாதபடி வைக்க வேண்டும்.

ஒவ்வொரு மாலையும் குழுவுக்கு ஒரு கணிப்பு: நாளைக் காலைக்குள் மழை இல்லை என்றால் வெறுங்கட்டம், சிறிது மழை என்றால் ஒரு துளி, நல்ல மழை என்றால் இரண்டு, கனமழை என்றால் மூன்று. காலையில் அளந்து, சரியாகக் கணித்த குழுவுக்கு ஒரு புள்ளி. எத்தனை மி.மீ.க்கு எத்தனை துளி என்பதை வகுப்பே முதல் நாளில் முடிவு செய்யட்டும். பின்பு நீரை மீண்டும் சுழிய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எதை வைத்துக் கணித்தார்கள் என்று கேளுங்கள். ‘தட்டான் தாழப் பறந்தது’, ‘எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது’, ‘டிவியில் சொன்னாங்க’ என்று வரும். எந்தக் காரணத்தையும் தள்ள வேண்டாம். எது எத்தனை முறை பலித்தது என்று எண்ணி வைக்கலாம். சான்று தேடும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. மாத இறுதியில் அந்தத் தாளே ஒரு படவிளக்கம் ஆகிவிடும். விடுமுறை நாள்களின் கட்டங்களைக் காலியாகவே விடுங்கள். அளக்காததை நிரப்பக் கூடாது என்பதும் ஒரு பாடம்.

விளையாட்டு 5: பருவச் சக்கரம்

இரண்டு வட்ட அட்டைகள். கீழ்வட்டத்தில் 12 தமிழ் மாதங்களும் ஆறு பெரும்பொழுதுகளும். மேல்வட்டத்தில் ஒரு சிறு சாளரம். நடுவே ஓர் ஊசியும் நூலும் அல்லது பொத்தான் போதும். சுழற்றி நிறுத்தியதும் சாளரத்தில் தெரியும் மாதத்தில் நம் மரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

சக்கரத்தை முழுவதும் நிரப்பி அச்சிடக் கூடாது. மாதப் பெயர் மட்டும் இருக்கட்டும். அந்தந்த மாதம் கண்டதை அந்தந்த மாதமே வரைய வேண்டும். ஜூனில் தொடங்கினால் ஏப்ரலில் ஏறத்தாழ நிறைந்துவிடும். ஆளுக்கொரு மரத்தைத் தத்தெடுத்துக்கொள்ளச் செய்தால் ஒவ்வொரு சக்கரமும் வேறாக இருக்கும். ஒருவருடையதை ஒருவர் கேட்டு விளையாட முடியும்.

அச்சிடும்போது

வண்ண அச்சு தேவையில்லை. தடித்த கோட்டோவியமாகக் கருப்பு வெள்ளையில் எடுத்தால் வண்ணம் தீட்டும் வேலையும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். தாளில் ஏற்கெனவே இருக்கும் வண்ணத்தைத் தீட்டச் சொல்லாமல், உண்மை இலையைப் பக்கத்தில் வைத்துத் தீட்டச் சொல்லுங்கள். எழுத்துகள் பெரியவையாகவும், ஒரு தாளில் ஒரே விளையாட்டாகவும் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு தாள் என்பதைவிட, நால்வருக்கு ஓர் அட்டைத் தொகுப்பு என்பதே நல்லது. செலவும் குறைவு, பேச்சும் அதிகம். பிளாஸ்டிக் உறையிடுவதற்குப் பதில் ஓரங்களில் ஒட்டுநாடா போட்டால் ஓர் ஆண்டு தாங்கும். விளையாட்டுத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும்போது பேசுவதைக் கேட்டு, யாருக்கு எண் தடுமாறுகிறது, யாருக்குச் சொல் வரவில்லை என்று குறித்துக்கொண்டால் போதும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு

நடுநிலை, உயர்நிலை ஆசிரியர்கள் இதைத் தங்களுக்குரியதன்று என்று கடந்துவிட வேண்டாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களை இந்தத் தாள்களை உருவாக்குபவர்களாக மாற்றலாம். அறிவியல் ஆசிரியர், இலை ஏன் நிறம் மாறுகிறது என்பதை இங்கே தொடங்கலாம்: பச்சையம் சிதையும்போது, ஏற்கெனவே இலையில் இருந்த மஞ்சள் நிறமிகள் வெளித்தெரிகின்றன, வாதுமை இலையின் சிவப்போ அந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. புவியியல் ஆசிரியர், பூமி அச்சின் 23.5 பாகைச் சாய்வையும் பருவக்காற்றையும் பருவச் சக்கரத்தோடு இணைக்கலாம். தமிழாசிரியர், தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரைக் கூறுவதைச் சொல்லி, நெய்தல் நிலமாகிய நம் கடற்கரையில் கூதிர் எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். மூத்த மாணவர்கள் செய்த அட்டைகளை இளையவர்கள் விளையாடும் நாளில், இரு வகுப்புகளும் சேர்ந்து ஒரு பாடவேளையைச் செலவிடலாம்.

அந்த மேப்பிள் தாள் என்ன ஆயிற்று?

அதைத் தூக்கி எறியவில்லை. பங்குனியில், சக்கரம் ஏறத்தாழ நிறைந்த பிறகு, மீண்டும் எடுத்தேன். “இது தூரத்து ஊர். அங்கே அக்டோபரில் இலை உதிரும். ஏன் என்று யோசியுங்கள்” என்றேன். இந்த முறை அது அவர்களுக்குப் புதிராக இருந்தது, தேர்வாக இல்லை. “அங்க அப்ப மழை பெய்யாதா?”, “அந்த மரத்துக்கு எப்ப துளிர் வரும்?”, “அந்த ஊர்ப் பசங்களுக்கு நம்ம வேப்பமரம் தெரியுமா?” என்று கேள்விகள் வந்தன. கடைசிக் கேள்வியைக் கேட்டவள், முந்தைய ஆண்டு பிப்ரவரியை வட்டமிட்ட அதே மாணவிதான். மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் எங்களோடுதான் அமர்கிறாள்.

தன் ஊரை அறிந்த பிள்ளைக்கு அயலூர் வியப்பாகிறது. தன் ஊரை அறியாத பிள்ளைக்கு அது வெறும் விடைக்குறிப்பாகிவிடுகிறது. அடுத்த முறை ஒரு பருவகாலத் தாளை நகலெடுக்கும் முன், ஆசிரிய நண்பர்களே, ஒரு நிமிடம் சன்னல் வழியே பாருங்கள். அங்கே என்ன உதிர்ந்துகொண்டிருக்கிறதோ, அதிலிருந்து உங்கள் தாளைத் தொடங்குங்கள்.